தூசி இல்லாத தண்ணிக்கு ஸ்பீடு தெரியாது

கேள்வி: தண்ணிக்குள்ள எதையும் விடாம, வெளிய இருந்தே லேசர் அடிச்சு அது ஓடுற வேகத்த அளக்கலாம்னு காலேஜ் படிக்கிற என் பையன் சொல்றான். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, லேசர் அந்தப்பக்கம் போயிடாதா? இதுல ஆப்டிகல் ஃபைபர் வேற எதுக்கு?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பையன் சொன்னதும் சரி, உங்க சந்தேகமும் சரி. சுத்தமான தண்ணில லேசர் அடிச்சா ஒண்ணும் கிடைக்காது, ஏன்னா அது அளக்கறது தண்ணியவே இல்ல, தண்ணி கூட சேந்து போற தூசிய. 1964ல கொலம்பியா யுனிவர்சிட்டில யே (Yeh), கம்மின்ஸ் (Cummins)னு ரெண்டு விஞ்ஞானிங்க இத செஞ்சு காட்டினப்பவும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உருண்டைகள தண்ணில கலந்துதான் பாத்தாங்க.

இப்ப பரவலா இருக்கற முறை என்னன்னா, ஒரே லேசர ரெண்டா பிரிச்சு லென்ஸ் வழியா ஒரு இடத்துல குறுக்க வெட்ட விடுவாங்க, வெட்டுற இடத்துல வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டுன்னு வரிவரியா விழும். சாயங்காலம் ஜன்னல் கம்பி நிழல் விழுற வராண்டால வெள்ளைச் சட்டைக்காரர் நடந்து போனா சட்டை பளிச்சுன்னு ஆகி, மங்கி, திரும்ப பளிச்சுன்னு ஆகும்ல, அதேதான், வரியத் தாண்டுற தூசி மினுக்கும். 632.8 நானோமீட்டர் சிவப்பு லேசர், கதிருக்கு நடுவுல 10 டிகிரின்னா வரிக்கு வரி இடைவெளி சுமார் 3.6 மைக்ரான். தூசி விநாடிக்கு 1 மீட்டர் போனா கிட்டத்தட்ட 2,75,000 தடவ மினுக்கும். டிடெக்டர் அத எண்ணிச் சொல்லும், அவ்ளோதான். வீட்டு வாட்டர் மீட்டர் மாதிரி தேஞ்சு போற சக்கரம் எதுவும் இதுல இல்ல.

ஒரு சிக்கல், எந்தப் பக்கமா ஓடுதுன்னு மினுக்கல வெச்சு சொல்ல முடியாது. அதுக்கு ப்ராக் செல்னு, ஒளியோட அதிர்வெண்ண மாத்துற ஒரு சாதனத்த வெச்சு ஒரு கதிரோட அதிர்வெண்ண பெரும்பாலும் 40 மெகாஹெர்ட்ஸ் மாத்திடுவாங்க, வரிகளே நகர ஆரம்பிச்சிடும், தூசி வரிகளுக்கு எதிர்ல வந்தா மினுக்கல் எண்ணிக்கை 40 மெகாஹெர்ட்ஸுக்கு மேல, கூடவே போனா கீழ.

ஃபைபர் வேகத்த அளக்கறதில்ல, அதுக்கு கூரியர் வேலை. லேசர் பெட்டி, ப்ராக் செல் எல்லாம் மேசைய விட்டு அசையக்கூடாத சாமான், குழாய் கிட்ட அத தூக்கிட்டு ஓட முடியாது. அதனால ரெண்டு கதிரையும் ஃபைபர்ல அனுப்பி, லென்ஸ் வெச்ச ஒரு சின்ன முனை (ப்ரோப்) மட்டும் கிட்ட போகும், தூசில பட்டு திரும்பற வெளிச்சத்த அதே ப்ரோப் வாங்கி இன்னொரு ஃபைபர்ல டிடெக்டருக்கு அனுப்பிடும். சாதா இன்டர்நெட் ஃபைபர் போட்டா போலரைசேஷன் (ஒளி அலை அதிர்ற திசை) மாறி வரியெல்லாம் மங்கிடும், அதுக்குன்னே தனி ரகம் இருக்கு.

உள்ள எதையும் விடாமன்னு கேட்டீங்கல்ல, ஆனா 1975ல டனாகா, பெனடெக்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஃபைபரயே ஒரு முயலோட தொடைச் சிரைக்குள்ள விட்டு ரத்த ஓட்டத்த அளந்தாங்க. அங்க எதையும் கலக்க வேண்டி வரல, ரத்தச் சிவப்பணுவே தூசி.