எண்ணெய் இறக்கும் குழாய் விறைத்துப்போவது ஏன்?

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை அருகே செக்கு நடத்தும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "தேங்காயெண்ணெயை டிரம்மில் இறக்க நிறமற்ற பிளாஸ்டிக் ஹோஸ் வைத்திருக்கிறோம். புதிதில் நன்றாக வளைந்த குழாய் சில மாதங்களில் மஞ்சளாகி விறைத்துவிடுகிறது. அதிலிருந்து ஏதாவது எண்ணெயில் கலக்கிறதா? பழைய குழாயை எருக்குழியில் போட்டால் மக்கிவிடுமா?"

கலக்கிறது என்றே கொள்ளுங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இத்தகைய குழாய்கள் பெரும்பாலும் பிவிசியால் ஆனவை. பிவிசி இயல்பில் விறைப்பானது. வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதனால்தான் வளைவதில்லை. அதை மென்மையாக்க, எடையில் ஏறத்தாழ 20 முதல் 40 சதவீதம் வரை நெகிழ்வூட்டி சேர்க்கிறார்கள். அவற்றுள் நெடுங்காலமாகப் புழங்கி வருவது, தாலேட் என்னும் வேதிப்பொருள் வகையைச் சேர்ந்த டிஇஎச்பி. இது பிவிசியோடு வேதிப்பிணைப்பு கொள்ளாமல் அதன் இடைவெளிகளில் தங்கியிருப்பது மட்டுமே. நீரில் மிகக் குறைவாகவும் கொழுப்பில் எளிதாகவும் கரையும். ஆகவே வெதுவெதுப்பான எண்ணெய் நாள்தோறும் ஓடும் குழாயில், அதிலும் இரவு முழுவதும் எண்ணெய் தேங்கி நிற்கும் குழாயில், நெகிழ்வூட்டி சிறிது சிறிதாக எண்ணெய்க்கு இடம் மாறுகிறது. மஞ்சள் நிறத்துக்கு வெயிலும் வெப்பமும் காரணமாகலாம். விறைப்புக்கு முதன்மையான காரணம் இந்த இழப்பே.

டிஇஎச்பி உடலில் நீண்ட நாள் தங்குவதில்லை. சிதைந்து, பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடும். நாள்தோறும் உணவின் வழியே வந்துகொண்டிருப்பதுதான் சிக்கல். கருவிலுள்ள ஆண் சிசுவின் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பை இது குறைப்பது எலி ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்திருப்பதால், கருவுற்ற பெண்களையும் சிறு குழந்தைகளையும் எண்ணியே வரம்புகள் வகுக்கப்படுகின்றன. டிஇஎச்பி உள்ளிட்ட நான்கு தாலேட்டுகளுக்கும் சேர்த்து, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வரையறுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 3 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு முக்கால் மில்லிகிராம்தான். நாளுக்கு 30 கிராம் எண்ணெய் உண்ணும் பெரியவர், எண்ணெயால் மட்டும் அந்த வரம்பைத் தொட வேண்டுமானால் ஒரு கிலோ எண்ணெயில் 100 மில்லிகிராம் இருக்க வேண்டும். எனவே இதுவரை விற்றதை எண்ணிக் கலங்க வேண்டாம். ஆனால் மற்ற உணவுகளிலிருந்தும் தாலேட் வருவதால், தவிர்க்கக்கூடிய ஒன்றைத் தொடர்வதற்கு நியாயமில்லை.

ஆய்வகச் சோதனைக்குச் செலவிடுவதற்கு முன் குழாயை மாற்றுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் குழாய் நிலையான தீர்வு. வளைய வேண்டிய இடத்தில் உணவுத் தரச் சிலிக்கோன் குழாய் போதும். 'உணவுத் தரம்' என்ற முத்திரை மட்டுமே கொண்ட பிவிசி குழாயை எண்ணெய்க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது தண்ணீருக்கு ஏற்றதாக இருக்கலாம், கொழுப்புக்கு ஏற்றதா என்பதை விற்பவர் எழுத்தில் தர வேண்டும். டிரம்மின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் அது எச்டிபிஇ, அதாவது அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். அதற்கு நெகிழ்வூட்டி தேவையில்லை.

இனி எருக்குழி. மண்ணிலுள்ள ரோடோகாக்கஸ், கோர்டோனியா, சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களில் சில வகைகள் தாலேட்டை உண்டு வாழக்கூடியவை. அவற்றின் எஸ்டரேஸ் என்னும் நொதிகள், தாலேட் மூலக்கூறின் வளையத்தோடு இணைந்த இரு சங்கிலிகளில் முதலில் ஒரு பக்கச் சங்கிலியையும் பிறகு மற்றொன்றையும் வெட்ட, தாலிக் அமிலம் எஞ்சும். ஆக்சிஜன் கிடைக்குமானால் அதன் வளையமும் உடைந்து, இறுதியில் கரியமில வாயுவும் நீருமாகிறது. டிஇஎச்பியின் சங்கிலிகள் நீளமாகவும் கிளைத்தும் இருப்பதால் அதன் சிதைவு மெதுவானது. மழையில் நீர் தேங்கிக் காற்றில்லாமல் போன குழியில் மேலும் மந்தமாகும். ஆனால் இந்த நுண்ணுயிர்கள் தின்பது வெளியே கசிந்த தாலேட்டை, பிவிசியை அல்ல. குழாய் பல்லாண்டு அப்படியே கிடக்க, அதன் தாலேட் எருவில் கசிந்துகொண்டிருக்கும். எரிப்பது அதைவிடத் தீது: ஹைட்ரஜன் குளோரைடு, டயாக்சின் ஆகிய நச்சுப்பொருள்கள் உண்டாகும். எண்ணெய்ப்பசையைத் துடைத்து, பிவிசி என்று தனியே கட்டி, வீடுவீடாகக் கழிவு சேகரிக்கும் உங்கள் பஞ்சாயத்தின் ஹரித கர்ம சேனையிடம் கொடுங்கள்.