மெசின் வாங்கியாச்சு, லைசன்ஸ் யார் பெயரில்? எக்ஸ்ரே கேள்வி பதில்

மலையக ஆஸ்பத்திரிகளில் ரேடியோகிராபராக வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். எக்ஸ்ரே மெசின், லைசன்ஸ், பாதுகாப்பு விதிகள் பற்றி யாரும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

பண்டாரவளை, பல் வைத்தியர்: கண்டியில் கிளினிக்கை மூடும் நண்பரிடம் பல் எக்ஸ்ரே மெசின் வாங்கிவிட்டேன். அவருடைய லைசன்ஸை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா சேர்? முன்பு இவ்வளவு கெடுபிடி இல்லையே?

அப்படி மாற்ற முடியாது டொக்டர். இது வாகனப் புத்தகம் மாதிரி மெசினோடு கைமாறுகிற பத்திரம் இல்லை. இன்னார், இந்த மெசினை, இந்த இடத்தில், இந்த வேலைக்குப் பாவிக்கலாம் என்றுதான் அனுமதி தருகிறார்கள். உங்கள் விஷயத்தில் ஆளும் மாறுகிறார், இடமும் மாறுகிறது. நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மெசின் கைமாறுவதை உங்கள் நண்பரும் அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவில் அது அவர் தலையிலேயே இருக்கும்.

கெடுபிடி கூடியதற்குக் காரணம் இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இருந்த இலங்கை அணுசக்தி அதிகாரசபை சேவையும் செய்தது, கண்காணிப்பும் செய்தது. தேயிலை தயாரிக்கிறவரே ருசி பார்த்துத் தரமும் போடுகிற மாதிரி. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அதைப் பிரித்தது. 2015 ஜனவரி முதல் சேவைகள் அணுசக்தி சபையிடமும், லைசன்ஸும் பரிசோதனையும் அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவையிடமும் இருக்கின்றன. ஊழியர் வாங்கும் கதிரை அளக்கும் பேட்ஜைச் சபையிடம் பதிவு செய்துவிட்டு லைசன்ஸ் வேலையும் முடிந்தது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கதவுகள்.

அறையின் வரைபடத்தை இப்போதே போட்டுவிடுங்கள். நான்கு சுவருக்கும் அப்பால் என்ன இருக்கிறது, மேலே யார், கீழே யார் என்பதெல்லாம் அதில் வரவேண்டும். மெசினின் மொடல், தொடர் இலக்கம், பரிசோதனை அறிக்கை, பட்டனை அழுத்தப்போகிறவரின் தகுதி ஆகியவற்றையும் தயாராக வையுங்கள். அனுமதி வரும்வரை மெசின் பெட்டியிலேயே இருக்கட்டும்.

டிக்கோயா பக்கம், ஒரு சகோதரி: எக்ஸ்ரே அறையில் உதவியாளராக இருக்கிறேன். மூன்று மாதக் கர்ப்பம். சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம், அண்ணே.

தங்கச்சி, நாளைக்கே எழுத்தில் கொடுங்கள். நீங்கள் அறிவித்த பிறகுதான் வயிற்றிலுள்ள பிள்ளைக்குத் தனிக் கணக்குத் தொடங்கும். உங்களுக்கான உச்ச அளவு பிள்ளைக்குப் பொருந்தாது. மீதிக் கர்ப்ப காலம் முழுவதற்கும் சேர்த்து 1 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு), அதாவது பொதுமக்களுக்கு ஒரு வருடத்துக்குள்ள அளவு. கர்ப்பத்தை அறிவித்ததைக் காரணம் காட்டி வேலையிலிருந்து விலக்கக்கூடாது என்று சர்வதேச அணுசக்தி முகமையின் அடிப்படைப் பாதுகாப்புத் தரங்களே சொல்கின்றன. வேலையை மாற்றித் தரலாம், ஆளை வெளியே அனுப்ப முடியாது. ஈய ஏப்ரனுக்கு உள்ளே வயிற்று மட்டத்தில் இன்னொரு பேட்ஜ் கேளுங்கள். நோயாளியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பதுளை: என் பேட்ஜ் ரீடிங் திடீரென்று எகிறிவிட்டது. மறுபடி சோதிக்கச் சொல்லலாமா?

சாதாரண டிஎல்டி பேட்ஜ் என்றால் அந்த ரீடிங்கை மறுபடி எடுக்க முடியாது தம்பி. உள்ளே இருப்பது பெரும்பாலும் லித்தியம் புளோரைட் பளிங்குத் துண்டு. கதிர் பட்டதை அது சேமித்து வைத்திருக்கும். சூடாக்கினால் ஒளியாக விட்டுவிடும், அந்த ஒளியை அளப்பார்கள். சூடாக்கியதும் பழைய கணக்கு அழிந்துவிடும்.

உங்களைக் கேட்பதற்கு முன்னால் என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரியில் ஏப்ரனோடு பேட்ஜையும் குத்தியபடி, நெஞ்சுப் படம் எடுக்கும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுப் போய்விட்டேன். அந்தக் கிழமை முழுக்கப் பேட்ஜ்தான் கதிர் வாங்கியது, நான் லீவில் வீட்டில் இருந்தேன். விளக்கக் கடிதம் எழுதி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உங்களுடையதும் அப்படித்தானா என்று யோசித்துப் பாருங்கள். இல்லையென்றால் எந்த நாளில் என்ன வேலை செய்தீர்கள் என்று குறித்து, பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள்.

ஊழியருக்கான உச்ச அளவு, ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். எந்தத் தனி வருடத்திலும் 50ஐத் தாண்டக்கூடாது. கண்வில்லைக்கு வருடத்துக்கு 150 என்றிருந்த அளவை, 2011இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழு இதே 20 சராசரிக்கு இறக்கியது. கண்புரை முன்பு நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே வருகிறது என்று தெரிந்ததுதான் காரணம். எலும்பு ஒப்பரேஷனில் சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே மெசின் பக்கத்தில் நிற்பவர்களுக்கு இது பெரிய மாற்றம். அவர்களுக்குக் கழுத்துப் பட்டிக்கு வெளியே ஒரு பேட்ஜும் ஈயக் கண்ணாடியும் வேண்டும்.

தலவாக்கலை, ஓர் அம்மா: மகனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தபோது கதிர் படாமல் மறைக்கும் ஈயத் துண்டு வைக்கவில்லை. கேட்டதற்கு "இப்ப அது இல்ல" என்றார்கள். அசட்டையா?

அசட்டை இல்லை அக்கா. நாங்கள் வேலை பழகியபோது துண்டு வைக்காவிட்டால் ஏச்சு விழும். 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் வழக்கமாக வைப்பதை நிறுத்தலாம் என்றது, பல நாடுகள் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன. படம் எடுக்கும் இடத்துக்கு வெளியே போகும் கதிரில் பெரும்பகுதி உடம்புக்குள்ளேயே சிதறி வருவது, மேலே வைத்த ஈயம் அதைத் தடுக்காது. துண்டு நகர்ந்து பார்க்கவேண்டிய இடத்தை மறைத்தால் இன்னொரு படம் எடுக்க வேண்டும். தானியங்கி மெசினில் துண்டு குறுக்கே வந்தால் மெசினே கதிரைக் கூட்டிவிடும். ஆனாலும் அதைப் பெற்றவளுக்கு இரண்டு வார்த்தையில் விளக்கியிருக்கலாம். அது அவர்கள் பிழைதான்.

மஸ்கெலியா: கணவர் வெளிநாட்டு மெடிக்கலுக்காக இந்த வருடம் மூன்று தடவை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டார்.

பயப்பட வேண்டாம். ஒரு நெஞ்சுப் படம் ஏறக்குறைய 0.02 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் ஒருவர் சராசரியாக வருடத்துக்கு வாங்குவது 2.4.

நுவரெலியா: குதிரைக் காலை எக்ஸ்ரே எடுக்கும்போது பராமரிப்புப் பையன் படம் பதியும் தட்டைப் பிடிக்கிறான். மிருகத்துக்கும் லைசன்ஸ் வேண்டுமா?

வேண்டும். சட்டம் பார்ப்பது கதிர்வீச்சை, நோயாளி மனிதனா குதிரையா என்று அதற்குக் கவலை இல்லை. தட்டுக்கு நீளக் கைப்பிடி ஒன்று செய்து கொடுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்வாசியாகும். பையன் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவன் என்றால் பிடிக்கவே விடக்கூடாது.

நாவலப்பிட்டி, பழைய இரும்பு வியாபாரி: மூடிய கிளினிக் ஒன்றின் எக்ஸ்ரே மெசின் விலைக்கு வருகிறது. உடைக்கலாமா?

கரண்ட் இல்லாத எக்ஸ்ரே மெசினில் கதிர் இல்லை, உள்ளே எதுவும் ஒட்டியிருக்காது. ஆனால் எண்ணெயும் ஈயமும் இருக்கும். விற்கிறவர் பேரவைக்கு அறிவித்த கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவிகள் சில அப்படியல்ல. 1987இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிட்ட கிளினிக்கிலிருந்து எடுத்த கருவியைப் பழைய இரும்புக் கடையில் உடைத்தார்கள். உள்ளே சீசியம்-137. நான்கு பேர் செத்தார்கள். அளவுக்கு மீறிக் கனக்கும் சின்ன உலோகப் பொருளில் கதிர்வீச்சைக் குறிக்கும் மூன்று இதழ் அடையாளம் கண்டால் தராசில்கூட வைக்காதீர்கள். தள்ளி நின்று பொலிசுக்குச் சொல்லுங்கள்.

மறுபடி பண்டாரவளை டொக்டர்: வரைபடம் போட்டேன் சேர். ஒரு பக்கம் பலகைத் தடுப்பு, அந்தப் பக்கம் தையல் கடை. பரவாயில்லையா?

நல்லவேளை, போட்டுப் பார்த்தீர்கள். பலகை கதிருக்குத் துணிமாதிரிதான். நீங்கள் பட்டனை அழுத்தும்போது இரண்டு மீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள், தையல்காரர் காலை முதல் இரவு வரை தையல் மெசினில் குனிந்திருக்கிறார். அவருக்கு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட்டுக்குள் நிற்க வேண்டும், பேட்ஜும் கிடையாது. முதலில் நோயாளி உட்காரும் கதிரையைத் திருப்பி, எக்ஸ்ரே குழாய் செங்கல் சுவரைப் பார்க்கிற மாதிரி போடுங்கள். பலகைக்கு ஈயத் தகடு வேண்டுமா, எவ்வளவு தடிப்பு என்பதைத் தகுதியுள்ள ஒருவர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். அதற்கிடையில் தையல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.