லேப்டாப் போர்டில் செய்த சின்னக் கணினிக்கு வாட்டர் கூலிங் போடலாமா?

கேள்வி இதுதான்: திரை உடைந்த கேமிங் லேப்டாப்பின் போர்டை மட்டும் எடுத்து ஒரு சிறிய பெட்டிக்குள் கணினியாக வைக்கிறேன். சிப்பின் சூட்டை ஃபேனுக்குக் கடத்தும் பழைய செப்புக் குழாயை, அதாவது ஹீட்பைப்பை, கழற்றிவிட்டு வாட்டர் கூலிங் போட முடியுமா?

போடலாம். என் வீட்டில் அப்படி ஒன்று இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஹீட்பைப்பைக் கழற்றாதீர்கள். அதை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் ஒரு தண்ணீர்க் குழாயை ஒட்டி, அதற்குள் தண்ணீரை ஓட விடுங்கள்.

லேப்டாப் சிப்புக்கு டெஸ்க்டாப் சிப் மாதிரி மேலே உலோக மூடி கிடையாது. சிலிக்கான் வெறுமனே தெரியும். அதன் மேல் உட்காரும் செப்புத் தகடு, ஸ்பிரிங் திருகுகள், அவற்றின் உயரம் எல்லாம் அந்த ஒரு போர்டுக்காகவே அளவெடுத்துச் செய்தவை. சுற்றியிருக்கும் மெமரி சிப்புகளும் மின்சாரம் கொடுக்கும் மாஸ்ஃபெட்டுகளும் ஆளுக்கொரு உயரத்தில் இருக்கும். அதே தகடுதான் தெர்மல் பேட் என்ற, சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை வழியாக அவற்றையும் தொட்டுக்கொண்டிருக்கிறது. நான் முதலில் டெஸ்க்டாப் வாட்டர் பிளாக் (உள்ளே தண்ணீர் ஓடும் உலோகக் கட்டி) ஒன்றை வைத்துப் பார்த்தேன். சிபியு ஜில்லென்று இருந்தது. பத்து நிமிடத்தில் வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. பக்கத்தில் மாஸ்ஃபெட்டுகள் மேலே ஒன்றும் இல்லாமல் கொதித்துக்கொண்டிருந்தன.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. 2022-ல் எக்ஸ்எம்ஜி நிறுவனம் கொண்டுவந்த ஒயாசிஸ் என்ற, தண்ணீரை ஓட்டிக் குளிர்விக்கும் வெளிப்பெட்டியும் அதற்கான லேப்டாப்பும் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஹீட்பைப்புகளோடு ஒட்டி ஒரு தண்ணீர்க் குழாய் போகும். டியூபைக் கழற்றினாலும் லேப்டாப் தன் ஃபேனிலேயே ஓடும். நமக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும், ஏனென்றால் பம்ப் என்றாவது ஒருநாள் நிற்கும்.

தண்ணீர்க் குழாய்க்கு ஏசிக்குப் போடும் கால் இஞ்ச் செப்புக் குழாயே போதும். வளைப்பதற்கு முன் உள்ளே பொடி உப்பை இறுக்கி நிரப்பினால் மடிப்பு விழாது. வளைத்து முடித்ததும் உப்பை நன்றாகக் கழுவிவிடுங்கள். ஹீட்பைப் மேல் படியும் பகுதியை மட்டும் வைஸில் வைத்து மெதுவாகத் தட்டையாக்கினேன்.

அதை ஹீட்பைப்போடு ஒட்டும் இடத்தில்தான் பெரிய தவறு செய்தேன். தெரிந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குள்ள ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "இல்லண்ணே, வெறும் காப்பர்தான்" என்றேன். கேஸ் டார்ச்சின் தீ பட்டுச் சில விநாடிதான். தட்டையாக இருந்த ஹீட்பைப் பாம்பு இரை விழுங்கியதுபோல் உப்பி, நுனி 'டப்' என்று தெறித்தது. அண்ணனின் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில். நல்லவேளை, அவர் கண்ணாடி போட்டிருந்தார்.

ஹீட்பைப்பின் உள்ளே காற்றை உறிஞ்சிவிட்டுச் சில துளி தண்ணீர் அடைத்திருப்பார்கள். சூடான பக்கம் ஆவியாகி, குளிர்ந்த பக்கம் நீராகி, உள்சுவரில் இருக்கும் திரி வழியாகத் திரும்பி வரும். அதற்கு டார்ச் காட்டுவதும் வெயிட் வால்வு அடைத்துக்கொண்ட குக்கரை அடுப்பில் வைப்பதும் ஒன்றுதான். அடுத்த ஹீட்பைப்புக்குத் தகரம்-பிஸ்மத் சால்டர் பேஸ்ட் வாங்கினேன். 138 டிகிரியிலேயே உருகிவிடும். அந்தச் சூட்டில் உள்ளே அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் சுமார் மூன்றரை மடங்குதான், குழாய் தாங்குகிறது. போர்டிலிருந்து கழற்றி, தெர்மல் பேடுகளை எடுத்துவிட்டு, ஹாட் ஏர் கன்னில் மெதுவாகச் சூடாக்குங்கள். கண்ணாடி கட்டாயம்.

மற்ற சாமான் எல்லாம் ஆர்ஓ ஃபில்டர் கடையில் கிடைக்கும். அவர்களுடைய டியூபும் கால் இஞ்ச், ஏசி குழாயும் கால் இஞ்ச். அழுத்திச் சொருகும் கனெக்டர் இரண்டுக்கும் பொருந்துகிறது. செப்பின் முனையை அரத்தால் மழுக்கிவிடுங்கள், வெளிப்பக்கம் கீறல் விழக்கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். ஆனால் தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டர் செம்பாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று அலுமினியம் வாங்கினால், செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும்.

பம்ப் பெரிதாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓடினாலே 100 வாட் சூட்டுக்குத் தண்ணீர் மூன்று டிகிரிக்குள்தான் ஏறும். காசைப் பம்பில் போடாமல் ரேடியேட்டரில் போடுங்கள். எனக்கு 120 மி.மீ. ஒன்று போதுமாக இருக்கிறது. பம்புக்கு 12 வோல்ட், அடாப்டர் தருவது 19 வோல்ட், அதனால் நடுவில் வோல்ட்டைக் குறைக்கும் ஒரு பக் கன்வர்ட்டர். லேப்டாப் ஃபேனையும் கழற்ற வேண்டாம். ஃபேன் சுற்றவில்லை என்று தெரிந்தால் சில போர்டுகள் ஆன் ஆகவே ஆகாது.

முதல் நாள் போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல், பம்பை மட்டும் தனி அடாப்டரில் ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பர். எனக்கு விடியற்காலையில் ஒரே ஒரு பேப்பரில் காலணா அளவுக்கு ஈரம் இருந்தது. அந்தக் கனெக்டரை மாற்றிவிட்டு இன்னொரு ராத்திரி ஓட்டினேன்.

அப்புறம், ஐந்து நிமிடம் கேம் ஓட்டிப் பார்த்துவிட்டு வெப்பநிலை அருமை என்று முடிவு கட்டாதீர்கள். கால் லிட்டர் தண்ணீர் 100 வாட்டில் ஒரு டிகிரி ஏறவே பத்து விநாடி ஆகும். ரேடியேட்டர் துளிகூட வேலை செய்யாவிட்டாலும் 35-லிருந்து 65 போக ஐந்து நிமிடம் வேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எனக்குத் தண்ணீர் 46 டிகிரியிலும் சிபியு 71-லும் நின்றது. பழைய ஃபேனில் மட்டும் ஓட்டியபோது சிபியு 94.

பெல்டியர் தகடு (மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்வது), ஐஸ் தண்ணீர் என்று யாராவது யோசனை சொல்வார்கள். சென்னை மாதிரி ஊரில் வேண்டவே வேண்டாம். இங்கே பல நாட்களில் காற்றின் பனிநிலையே, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையே, 25 டிகிரியை ஒட்டி இருக்கும். குழாய் அதைவிடக் குளிர்ந்தால் ஐஸ் காபி டம்ளர் மாதிரி வெளியே வியர்த்து, போர்டு மேலேயே சொட்டும்.