உங்களுக்கே உடம்பு முடியாதப்போ மாற்றுத்திறனாளி பிள்ளையை எப்படிப் பாத்துக்கிறீங்க?

கேள்வி கேட்ட சகோதரி, உங்களுக்கு லூபஸ், ஆட்டிசம் உள்ள பொண்ணுக்கு 6 வயசு, "நான் படுத்துட்டா அவளை யாரு பாத்துப்பாங்க"ன்னு எழுதியிருந்தீங்க. அந்த ஒரு வரியை நானும் ரொம்ப வருஷம் ராத்திரி ராத்திரி எனக்குள்ளயே சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன், அதனாலதான் எழுதுறேன்.

என் பையனுக்கு 13 வயசு. சி.பி., மூளை முடக்குவாதம். கை கால் நாலும் இறுக்கம், தானா உக்கார முடியாது, சாப்பிட முடியாது, பேச்சு வராது, ஆனா நாம பேசுறது அத்தனையும் புரியும். எனக்கு ஆறு வருஷமா முடக்குவாதம், ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். ரெண்டுக்கும் தமிழ்ல கிட்டத்தட்ட ஒரே பேரா இருக்கறதால "பிள்ளைகிட்ட இருந்து அம்மாவுக்கு ஒட்டிக்கிச்சு"ன்னு எங்க சொந்தத்துலயே பேசினாங்க. சம்பந்தமே கிடையாது. அவனுக்கு மூளை வளர்ற வயசுல ஏற்பட்ட பாதிப்பு, எனக்கு உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குறது, உங்க லூபஸும் இதே வகைதான். எதுவும் ஒட்டிக்காது.

ஆரம்பத்துல காலைல எந்திரிச்சா விரல் மடங்காது, குக்கர் மூடி திறக்க முடியாது, துணி பிழிய முடியாது. நான் என்ன நினைச்சேன்னா பையனைத் தூக்கித் தூக்கித்தான் கை வலிக்குதுன்னு. முதல்ல பாத்த டாக்டரும் பிள்ளையைத் தூக்குறீங்கள்ல அதான்னு கால்சியம் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. இப்படியே ஒரு வருஷம் போச்சு. நம்மள மாதிரி அம்மாக்களுக்கு இதுதான் பெரிய ஆபத்துன்னு நான் நினைக்கிறேன், நம்ம உடம்புல எந்த வலி வந்தாலும் அதுக்கு பிள்ளையைக் காரணமா சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போயிடறோம். ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி வீக்கம், காலைல ஒரு மணி நேரத்துக்கு மேல விறைப்பு, இது இருந்தா இந்த நோயான்னு பாக்க ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி சிசிபின்னு ரத்த டெஸ்ட் எடுக்கணும்னு எனக்கு யாரும் சொல்லல. அந்த ஒரு வருஷத்துல தேஞ்ச வலது மணிக்கட்டு இன்னிக்கும் முழுசா மடங்காது, இனிமே மடங்கப் போறதும் இல்ல.

இப்போ மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுறேன். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடற மாத்திரை, தெரியாம தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து, அதனால காலண்டர்ல சனிக்கிழமை மட்டும் சிவப்புல வட்டம் போட்டு வச்சிருக்கேன். மறுநாள் முழுக்க குமட்டும், எந்திரிக்கவே தோணாது, ஞாயிறுன்னா வீட்டுக்காரர் வீட்ல இருப்பார்னுதான் டாக்டர்கிட்ட கேட்டு சனிக்கிழமைக்கு மாத்தினேன். ஃபோலிக் ஆசிட், ரத்த டெஸ்ட் எதையும் இப்போ தள்ளிப் போடறதில்ல.

வீட்ல முதல்ல மாத்தினது அவன் குளியல். காலைல 6 மணிக்கு குளிப்பாட்டுவேன், ஏன்னா எங்க வீட்ல அப்படித்தான். என் விரல் சரியாகறது ஒன்பதரைக்கு. அப்புறம் எதுக்கு 6 மணி? இப்போ 11 மணிக்குக் குளிக்கிறான், ஒண்ணும் ஆகிடல. கட்டிலுக்கு அடியில மரக்கட்டை வச்சு என் இடுப்பு உயரத்துக்கு ஏத்தினோம், குனியற வேலை பாதி போச்சு. விரலால பிடிச்சுத் தூக்கறதில்ல, முழங்கைக்குக் கீழ இருக்கற கையால அணைச்சு எடுக்கறேன். ஸ்பூன் பிடியில பழைய துணியைச் சுத்தி தடிமனாக்கினேன்.

ஆனா இதெல்லாம் சின்ன விஷயம். பெருசு எதுன்னா, மூணு வருஷம் முன்னாடி ஆடி மாசம் எனக்கு காய்ச்சலும் மூட்டு வீக்கமும் சேந்து வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன். வீட்ல அத்தை, அதாவது என் மாமியார், அவனுக்கு ஊட்டினாங்க, படுக்க வச்சே ஊட்டியிருக்காங்க, புரை ஏறி அவன் முகம் நீலமாயிருச்சு, அவங்க பயந்துபோய் அப்புறம் ரெண்டு நாள் வெறும் பாலும் கஞ்சித் தண்ணியும்தான். எல்லாரும் அவங்களைத் திட்டினாங்க. நான் திட்டல. பத்து வருஷமா அதே வீட்ல இருக்கற ஒரு மனுஷிக்கு நான் ஒரு தடவைகூட சொல்லிக் குடுத்ததில்ல. "என் கையால குடுத்தாதான் சாப்பிடுவான்"னு பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன், அவனை அப்படி ஆக்கினதே நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் செஞ்ச முதல் வேலை, அத்தைக்குப் படிக்கத் தெரியாது, அதனால என் நாத்தனாரை விட்டு போன்ல வீடியோ எடுத்தோம். எப்படி நேரா உக்கார வைக்கணும், தாடை லேசா கீழ இருக்கணும், சாதம் எவ்வளவு குழையணும், அரை ஸ்பூன், முழுங்கினானான்னு பாத்துட்டு அடுத்த வாய். பசிச்சா அடுப்படி வாசலையே பாப்பான், வயிறு வலிச்சா இடது காலை வலது கால் மேல போட்டு இறுக்குவான், இதெல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும், அதையும் சொல்லிப் பதிவு பண்ணினேன். ஃபிட்ஸ் மாத்திரை பேர், அளவு, நேரம் எல்லாம் ஒரு நோட்டுல எழுதி பிரிட்ஜ் மேல வச்சாச்சு. அத்தைகிட்ட அவன் சாப்பிட மூணு வாரம் ஆச்சு. அழுதான், துப்பினான், நான் பக்கத்து ரூம்ல பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். உங்க பொண்ணுக்கு ஆட்டிசம்னா புது ஆள், புது கை இன்னும் கஷ்டமா இருக்கும், அதனாலதான் நீங்க நல்லா இருக்கற நாள்லயே ஆரம்பிங்க, ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு வேளை.

வலி அதிகமான ஒரு நாள் அவன் என் விரலைப் பிடிச்சு இறுக்கினான், அவனால விட முடியாதுன்னு தெரிஞ்சும் கத்திட்டேன். அவன் உதடு பிதுங்கினது இன்னும் கண்ணுல நிக்குது. இப்போல்லாம் முன்னாடியே சொல்லிடறேன், "தம்பி, அம்மாவுக்கு இன்னிக்கு கை வலி"ன்னு. என் கையையே பாப்பான்.

"உனக்கு தாங்கற சக்தி இருக்குன்னுதான் சாமி குடுத்திருக்கு"ன்னு சொல்றவங்ககிட்ட இப்போ நேரா கேக்கறேன், புதன்கிழமை ஒரு மணி நேரம் வந்து உக்காருங்கன்னு. பத்துப் பேர்ல ஒருத்தர் வந்தாங்க, பக்கத்து வீட்டு அக்கா, இன்னும் வர்றாங்க.

பணத்துக்கு: யூ.டி.ஐ.டி., அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இல்லன்னா முதல்ல அதை எடுங்க. தமிழ்நாட்டுல கடுமையான பாதிப்பு இருக்கறவங்களுக்கு மாசம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க. மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தர்ற நிராமயா மருத்துவக் காப்பீடு ஆட்டிசத்துக்கும் சி.பி.க்கும் 1 லட்சம் ரூபாய் வரைக்கும் உண்டு, சேர மருத்துவப் பரிசோதனை எதுவும் கேக்க மாட்டாங்க. வீட்டுக்காரர் வருமான வரி கட்டினா, மாற்றுத்திறனாளி பிள்ளையைப் பாத்துக்கறவங்களுக்கான வரிச்சலுகை (80டிடின்னு சொல்வாங்க) கிடைக்குமான்னு பாக்கச் சொல்லுங்க. 18 வயசுக்கு அப்புறம் யாரு காப்பாளர்ங்கறதுக்கு கலெக்டர் தலைமையில உள்ளூர்க் குழு இருக்கு, அவனுக்கு 18 ஆக இன்னும் அஞ்சு வருஷம் இருக்கும்போதே நாங்க நாத்தனார்கிட்ட பேசிட்டோம், எனக்கு அன்னிக்கு ராத்திரி நல்லா தூக்கம் வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை காலைல அவங்கப்பாதான் ஊட்டுறார். ஒரு மணி நேரம் ஆக்குவார், பாதி சட்டையில இருக்கும், ரெண்டு பேர் சத்தமும் ரூம் வரைக்கும் கேக்கும். நான் எந்திரிச்சுப் போறதில்ல.