தலைக்கவசம் இருந்தும் ஏன்?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் தலைக்கவசம் அணிந்துதானே விளையாடுகிறார்கள்? அப்படியிருந்தும் ஓய்வுக்குப் பின் மூளை நோய்க்கு ஆளாவது ஏன்?

பதில்: தலைக்கவசம் மண்டையோடு உடையாமல் காக்கும். ஆனால், பாய்ந்து வரும் உடல் மோதிச் சட்டென்று நிற்கும்போது, உள்ளே திரவத்தில் மிதக்கும் மூளை குலுங்குவதையும் முறுக்கப்படுவதையும் அதனால் தடுக்க இயலாது. மயக்கம் வரவழைக்காத சிறு மோதல்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து தீங்கு செய்கின்றன என்பதே இதில் பலரும் கவனிக்கத் தவறும் செய்தி.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிராளியோடு முட்டி மோதும் இடத்தில் ஆடிய மைக் வெப்ஸ்டர், நினைவு தடுமாறி, சில காலம் தம் வண்டியிலேயே படுத்துறங்கி, 2002இல் 50 வயதில் இறந்தார். வெறும் கண்ணுக்கு இயல்பாகவே தோன்றிய அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு, டௌ என்னும் புரதம் நரம்பணுக்களில் திரண்டிருப்பதைக் கண்டு, 2005இல் வெளியிட்டார். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. (CTE) என்னும் மூளை நோயின் அடையாளம் இத்திரட்சியே. குத்துச்சண்டை வீரர்களிடம் இத்தகைய பாதிப்பை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லேண்ட் 1928இலேயே விவரித்திருந்தார்.

2017இல் வெளியான பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில், அமெரிக்காவின் தேசியக் கால்பந்துக் கழக (NFL) வீரர்கள் 111 பேரின் மூளைகளில் 110இல் இந்நோய் காணப்பட்டது. எனினும், அறிகுறிகளைக் கண்டு கவலையுற்ற குடும்பங்களே பெரும்பாலும் மூளைகளைத் தானமளித்தன என்பதால், எல்லா வீரர்களுக்கும் அந்த விகிதத்தைப் பொருத்துவது தவறு. நோயை இன்றும் இறப்புக்குப் பின்னரே உறுதிசெய்ய முடிகிறது.