திருவாதிரை மங்கினால் வெடிக்கப்போகிறது என்று பொருளா?

இல்லை. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் உங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்க்கும்போது திருவாதிரை விண்மீன் (Betelgeuse) போன மாதத்தைவிட மங்கலாகத் தெரிகிறது என்பது வெடிப்புக்கான அறிகுறி அல்ல. இந்தச் சிவப்புப் பெருவிண்மீனின் ஒளி ஏறத்தாழ 400 நாள் சுழற்சியில் ஏறி இறங்கும். 2020 பிப்ரவரியில் பெரிதும் மங்கியதற்குக்கூட அது கக்கிய தூசியே முக்கியக் காரணம். மையத்தில் எரிபொருள் தீர்ந்துவருவது மேற்பரப்பில் அப்படி எளிதில் தெரிந்துவிடாது.

பிப்ரவரியில் இரவு 8 மணிக்குத் திருவாதிரையும் ரோகிணி (Aldebaran) விண்மீனும் உச்சியை ஒட்டி நிற்கும், இரண்டையும் ஒப்பிடுங்கள். வழக்கமாகத் திருவாதிரைதான் சற்றுப் பிரகாசமானது. இரண்டுமே மங்கலென்றால் பெங்களூரின் புழுதியும் தெருவிளக்குகளும்தான் காரணம். திருவாதிரை மட்டும் பின்தங்கினால் உண்மையாகவே மங்கியிருக்கிறது. தேதியோடு அவசியம் குறித்துவையுங்கள், அருமையான பதிவு அது.

ஒன்று கவனம்: சிவந்த விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்கக் கண்ணுக்கு ஒளி கூடித் தெரியும். மாறி மாறிச் சட்டென்று பார்த்து முடிவுசெய்யுங்கள்.