கேக் மொய்யா, கூலியா?

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது. பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன். செம்பனை ஆலை ஆபீஸில் கிராணி (குமாஸ்தா) வேலை, சனிக்கிழமை அரை நாள். ஓய்வு கிடைத்தால் கேக் செய்வேன், கைப்பேசியில் படம் எடுப்பேன், ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு காரில் எங்கேயாவது சுற்றிவிட்டு வருவேன். என் கேக் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சிலர் சாமான் காசு தருவார்கள், சிலர் அதுவும் இல்லை. “நீ நல்லா படம் எடுப்பியே” என்று பூப்பு விழாவுக்கும் என்னையே நிறுத்துகிறார்கள். நான்கு மாதத்தில் எனக்கென்று கிடைத்த ஞாயிறு இரண்டே இரண்டு. தோழிகள் இப்போது கூப்பிடுவதே இல்லை. “சொந்தத்துல காசு கேட்டா நாளைக்கு மூஞ்சியில முழிக்க முடியுமா?” என்கிறார் அம்மா. “ஒன்ன மட்டும் உருப்படியா புடிச்சு பிசினஸ் பண்ணு” என்கிறார் அத்தை. அவர் மகனுக்கு அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு தேவானில் (மண்டபத்தில்) பிறந்தநாள். மூன்றடுக்கு கேக்கும் நான்தான், படமும் நான்தான். அன்றைக்குத்தான் தோழிகள் மின்மினி பார்க்கப் போகலாம் என்றிருந்தார்கள். மூன்றில் எதை விடட்டும்? இன்னொன்று: தேவானுக்கு எடுத்துப் போனால் கிரீம் வழிகிறது, வீட்டில் கேக்கைப் படம் எடுத்தால் பச்சையாகத் தெரிகிறது. ஊரில் வேறு படம் எடுக்கவும் ஒன்றுமில்லை.
– பெயர் வேண்டாம், பெஸ்தாரி ஜெயா

பதில்: அன்புத் தங்கைக்கு,

மூன்றில் எதையும் விட வேண்டாம். உன் கடிதத்தின் முழுப் பிரதியை இரண்டு தடவை படித்தேன். கேக்கைப் பற்றி எழுதும்போது எத்தனை முட்டை, எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறாய். தோழிகளோடு சேகிஞ்சான் போய்வந்ததைப் பற்றி எழுதும்போது வயல் வரப்பில் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, யாருடைய துப்பட்டா பறந்தது என்று எழுதியிருக்கிறாய். போனது என்ன என்று உனக்கே தெரிந்திருக்கிறது. கேக்கும் படமும் உன்னிடம்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைதான் கைமாறிவிட்டது.

முதலில் அம்மாவின் பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் உன்னைக் கட்டிப்போட்டிருக்கிறது. சொந்தத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்கிறார் அல்லவா? உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு மொய் நோட்டு இருக்கும், போய்ப் பார். உன் காதுகுத்துக்கு யார் எவ்வளவு வைத்தார்கள், அண்ணன் கல்யாணத்துக்கு யார் அங்பாவ் உறையில் இருபது வெள்ளியோடு (ரிங்கிட்) நிறுத்திக்கொண்டார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். யார் வீட்டு விசேஷம் வந்தாலும் அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உறையில் காசு வைப்பார். நம் ஆட்கள் சொந்தத்தில் கணக்குப் பார்க்காதவர்கள் என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிடுவேன். பார்ப்போம், நன்றாகவே பார்ப்போம். கேக்குக்கு மட்டும் அந்த நோட்டில் இடமில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்வது இது. யார் கேட்டாலும், வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுப்பதற்கு முன்பே உனக்குள் முடிவு செய்துகொள்: இந்தக் கேக் மொய்யா, கூலியா? மொய் என்றால் காசு வாங்காதே. ஆனால் அந்த வீட்டுக்கு உங்கள் குடும்பத்திலிருந்து வேறு உறையும் போகக் கூடாது. நோட்டில் அம்மா கையாலேயே ‘கேக்’ என்று எழுத வேண்டும். கூலி என்றால் விலையை முதலிலேயே சொல்லிவிடு. பாதி மொய், பாதி கூலி என்று நடுவில் நிற்கும் கேக்குகள்தான் உன்னை இப்படி ஆக்கியிருக்கின்றன. ‘சாமான் காசு’ என்பது அந்த நடு ரகம்தான். அவர்கள் காசு கொடுத்துவிட்டதாக நினைக்கிறார்கள், நீ சும்மா செய்து கொடுத்ததாக நினைக்கிறாய், இரண்டு பேருக்கும் மனக்கசப்பு.

விலை எப்படிச் சொல்வது? சாமான் ரசீதைக் கூட்டு. கரண்டு, பெட்டி, பலகை எல்லாவற்றுக்கும் ஒரு தொகை வை. அப்புறம் உன் நேரம். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி, மணிக்கணக்கில் 8 வெள்ளி 17 காசு. ஒரு பிறந்தநாள் கேக்குக்குக் கலப்பதில் தொடங்கிப் பாத்திரம் கழுவுவது வரை நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் 32 வெள்ளி 68 காசு ஆகிறது. இது அடிமட்டக் கணக்கு, கைத்திறனுக்கு இன்னும் ஒன்றுமே போடவில்லை. நான்கு மாதத்தில் செய்த கேக்குகளை எண்ணி அம்மா எதிரில் கூட்டிப் பார். வாதாடாதே. காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீர் கலக்கப் போய்விடு.

கூலி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பு வந்தால் நம் தாத்தாக்களை நினைத்துக்கொள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தார்களே, சம்பள உயர்வோடு அவர்கள் கேட்ட இன்னொன்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது. கூலியையும் மானத்தையும் ஒரே மனுவில் எழுதியவர்கள். நீ அத்தையிடம் கேட்பதற்கு அவ்வளவு துணிச்சல் தேவையில்லை.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. பத்தொன்பது வயதில் தையல் கற்றுக்கொண்டேன். லயத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த வருடத் தீபாவளிக்குப் பதினொரு ரவிக்கை, ஒன்றுக்கும் கூலி கேட்கவில்லை. கடைசி ரவிக்கைக்குக் காஜா எடுத்து முடித்தபோது விடியற்காலை மூன்று மணி. எனக்கு வெட்டி வைத்திருந்த துணிக்கு ஊக்கு தைக்க நேரமில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, முதுகில் மூன்று சேஃப்டி பின் குத்திக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பிரகாரத்தைச் சுற்றும்போது ஒன்று திறந்துகொண்டது. அன்று எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை, மிஷின்மேல்தான் வந்தது. அதற்கப்புறம் நான் தைக்கவே இல்லை. உன் ஓவன் விஷயம் அந்த அளவுக்குப் போவதற்குள் எழுதினாயே, நல்லது.

அத்தை சொல்கிற பிசினஸ் பற்றி ரொம்பப் பேசப் போவதில்லை. இப்போது வேண்டாம். ஆலையில் ஐந்தரை நாள் உட்கார்ந்துவிட்டு மிச்சத்தையும் விற்றுவிட்டால் உனக்கென்று என்ன இருக்கும்? என்றைக்காவது நீயே ஆசைப்பட்டால் எஸ்எஸ்எம் என்கிற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிந்துகொள், சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் வேண்டும். அதுவரை மாதத்துக்கு இரண்டு கேக், அதுவும் சனிக்கிழமை மாலைக்குள் வந்து எடுத்துக்கொள்பவர்களுக்கு மட்டும். ஒன்று தெரிந்துகொள், புரட்டாசி மாதம் முட்டையில்லாத கேக் கேட்டு நிறையப் பேர் வருவார்கள். தயிரும் டின் பாலும் போட்டு ஒன்று பழகி வைத்துக்கொண்டால், அந்த இரண்டுக்கு நீ சொல்வதுதான் விலை.

சரி, கிரீம். வெண்ணெய் 32 டிகிரிக்கு மேல் உருக ஆரம்பிக்கும். ஏர்கான் இல்லாத தேவானில் மத்தியானம் அந்தச் சூடு சாதாரணம், கூட்டம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெண்ணெயில் பாதியைக் குறைத்து ஷார்ட்டனிங் (கெட்டியான தாவரக் கொழுப்பு) சேர்த்தால் நிற்கும், ஆனால் நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும், எனக்குப் பிடிக்காது. தேவானுக்கு என்றால் கிரீமே இல்லாத கேக் கொண்டுபோ என்பதுதான் என் யோசனை. பாண்டான் இலையை அரைத்துப் பிழிந்து, தேங்காய்ப் பால் விட்டு, மேலே குலா மலாக்கா வெல்லப் பாகு ஊற்றிய கேக் அந்தச் சூட்டில் வழியாது.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உன் பட்டர் கேக் சில நாள் நடுவில் இறுகி, அடியில் எண்ணெய் கசிகிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா? செய்முறைகளில் ‘வெண்ணெயை அறை வெப்பத்தில் வைக்கவும்’ என்று போட்டிருப்பார்கள். எழுதியவரின் அறை குளிர்நாட்டில் 20 டிகிரி, உன் அடுப்படி 30க்கு மேல். ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் வெண்ணெய் குழைந்து பளபளவென்று ஆகிவிடும், பிறகு எவ்வளவு அடித்தாலும் அதில் காற்று நிற்காது. வில்லைகளாக வெட்டிப் பத்து நிமிடம் வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் வழுக்கக் கூடாது. முட்டை மட்டும் ஃபிரிட்ஜின் சில்லோடு போகக் கூடாது, போனால் கலவை திரிந்துவிடும்.

படம் பச்சையாகத் தெரிவதற்குக் காரணம் அடுப்படி டியூப் லைட். அதை அணைத்துவிட்டு, காலையில் பின்வாசல் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு அதில் கேக்கை வை. நேர்வெயில் வேண்டாம், தகரக் கூரையின் நிழல் போதும். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரட்டும், மறுபக்கம் ஒரு வெள்ளை மணிலா அட்டையைச் சாய்த்து வை. கைப்பேசித் திரையில் கேக்கைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடு. வெட்டிய துண்டின் பக்கவாட்டில் உள்ள சின்னச் சின்ன ஓட்டைகள்கூடத் தெரியும்.

விசேஷ வீடுகளுக்கும் ஒரு வரம்பு வை. விருந்தாளியாகப் போனால் பத்துப் படம் எடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார். அதற்கு மேல் வேண்டும் என்கிறவர்கள் படக்காரரை வைத்துக்கொள்ளட்டும். பூப்பு விழாவில் நாள் முழுக்க நின்றாயே, உனக்குக் கடைசியில் பாயசமாவது கிடைத்ததா?

அப்புறம், ஊரில் படம் எடுக்க ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். இதற்கு மட்டும் உன்னைக் கொஞ்சம் கோபித்துக்கொள்கிறேன். இந்த நாட்டில் செம்பனையை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டது 1917இல், உங்கள் ஊர்ப் பக்கம், தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரைப் பார், அது நம் பெயர். நீ தினமும் ஆலைக்கணக்கில் எழுதுவதும், உன் மார்ஜரினில் இருப்பதும் அந்த மரம்தான். ஒரு ஞாயிறு ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்பு ரோட்டோரமாக நின்று பார். மரத்தண்டில் பழைய மட்டை வெட்டிய இடங்களில் பெரணி முளைத்திருக்கும். அதன்மேல் பனி நிற்பது அரை மணி நேரம்தான். உள்ளே போக வேண்டுமானால் ஜாகாவிடம் (காவல்காரரிடம்) கேட்டுவிட்டுப் போ. பழைய ஈயச் சுரங்கக் குளங்களைக் கரையிலிருந்து மட்டும் எடு, இறங்காதே, ஆழம் எங்கே தொடங்குகிறது என்று வெளியே தெரியாது.

கோலசிலாங்கூர் மலாவாத்தி மலைக்கு எத்தனை தடவை போயிருப்பாய்? அங்கே இருக்கும் சாம்பல் நிற லோத்தோங் குரங்குகளின் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், கொஞ்ச மாதத்தில் மாறிவிடும். தாய்மடியில் அந்த நிறம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு, இந்தப் பக்கத்திலேயே போடச் சொல்கிறேன்.

இப்போது அந்த இரண்டாவது ஞாயிறு. அத்தை மகன் உன் மடியில் வளர்ந்த பிள்ளை என்கிறாய், அதனால் அந்தக் கேக் மொய்யாகவே இருக்கட்டும். மூன்றடுக்கு வேண்டாம், ஓரடுக்கு போதும், பாண்டான். அம்மாவிடம் இந்த வாரமே சொல்லி நோட்டில் எழுத வை. கேக்கைச் சனிக்கிழமை இரவே அத்தை வீட்டில் கொடுத்துவிடு. அத்தைக்கு இப்போதே போன் போடு, அன்றைக்கு வந்து சொல்லாதே: “அத்தை, கேக் என் மொய். படத்துக்கு ஆள் பாத்துக்குங்க, மத்தியானம் வந்து தம்பிக்கு ஊட்டிவிட்டுட்டு நான் கெளம்பிடுவேன்.” இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். தூக்கட்டும். அவர் வீட்டுக்குக் கேக் போய்ச் சேர்ந்ததும் இறங்கிவிடும்.

மாலையில் கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகு, ஒன்றில் நாலு பேர். உன்னோடு சேர்த்துச் சரியாக நாலு பேர் என்று எழுதியிருந்தாய். ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுங்கும். கைப்பேசியில் அது சரியாக விழாது, ஃபிளாஷும் போடக் கூடாது, பைக்குள்ளேயே இருக்கட்டும். தோழிகளுக்கு நீயே முதலில் செய்தி அனுப்பு, அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதே. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள், ஆற்றில் கொசு அதிகம்.

அன்புடன்,
அக்கா